மில்லிங் மெஷினில் புது லீட் ஸ்க்ரூவும் நட்டும் மாட்டியபின் டேபிள் இரண்டு முனையிலும் இறுகுகிறது, உதவி தேவை

மாடிப்பட்டறை:
வணக்கம். வீட்டு மாடியில் சின்ன பெஞ்ச் மில்லிங் மெஷின் வைத்திருக்கிறேன். டேபிள் நீளவாக்கில் 220 மில்லி ஓடும். கைப்பிடியைச் சுற்றும்போது டேபிளை நகர்த்துவது லீட் ஸ்க்ரூவும் அது ஓடும் நட்டும்தான். ஏழு வருட உழைப்பில் நட் தேய்ந்து, பேக்லாஷ் (திசை மாற்றும்போது டேபிள் நகராமல் ஸ்க்ரூ மட்டும் சுற்றும் ஆட்டம்) 0.6 மில்லி வரை வந்துவிட்டது. போன மாதம் தொலைநோக்கிக்கு ஒரு அலுமினியத் தாங்கி வெட்டும்போது கட்டர் வேலைத்துண்டை வெடுக்கென்று இழுத்து, ஒரு நாள் வேலை பாழானது. அதனால் ஸ்க்ரூவையும் வெண்கல நட்டையும் ஜோடியாக வாங்கி நானே மாட்டினேன்.

நடுவில் நன்றாக ஓடுகிறது. இரண்டு பக்கமும் கடைசி 50 மில்லிக்குள் கைப்பிடி கனக்கிறது. முனையில் இரண்டு கையும் போட்டால்தான் சுற்றுகிறது. டேபிள் ஆடாமல் பிடிக்கும் ஜிப் ஸ்க்ரூக்களை முழுக்கத் தளர்த்தியும் மாற்றமில்லை. பாகத்திலேயே கோளாறா, நான் மாட்டியதில் தப்பா?

புல்லட்வண்டி:
புது நட் அப்படித்தான் இருக்கும் நண்பரே. கொஞ்சம் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் தடவி நாலு தடவை ஓட்டுங்கள், இளகிவிடும்.

டூல்ரூம்:
தயவுசெய்து பேஸ்ட் போடாதீர்கள். அதில் உள்ள பொடி மெத்தென்ற வெண்கலத்தில் பதிந்து உட்கார்ந்துகொள்ளும், கழுவினாலும் முழுசாகப் போகாது. அப்புறம் அந்த நட்டே ஒரு அரம் மாதிரி ஸ்க்ரூவைத் தின்ன ஆரம்பிக்கும். வாங்கிய இரண்டு பாகமும் வீண்.

தம்பி, நடுவில் இலகு, இரண்டு முனையிலும் இறுக்கம் என்றால் பெரும்பாலும் நட்டின் மையமும், டேபிளின் இரண்டு முனையிலும் ஸ்க்ரூவைத் தாங்கும் பிராக்கெட்டுகளின் மையமும் ஒரே கோட்டில் இல்லை என்று அர்த்தம். டேபிள் நடுவில் நிற்கும்போது நட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் ஸ்க்ரூ நீளமாக இருக்கும், வளைந்து கொடுக்கும். நட் பிராக்கெட்டை நெருங்கினால் வளைய இடமில்லை, அதனால் பிடிக்கும். ஒரே முனையில் மட்டும் பிடித்திருந்தால் அந்தப் பக்கத்து பிராக்கெட்டைத்தான் சந்தேகப்படுவேன். இரண்டிலும் பிடிப்பதால் என் சந்தேகம் நட்டின் மேல்.

டேபிளை இறுகும் இடத்தில் நிறுத்தி, அந்தப் பக்க பிராக்கெட்டின் போல்ட்டுகளைத் தளர்த்திச் சுற்றிப் பாருங்கள்.

மாடிப்பட்டறை:
தளர்த்தினேன் ஐயா. அதே இறுக்கம்தான்.

டூல்ரூம்:
பிராக்கெட்டில் போல்ட் தவிர டவல் பின் (இடம் மாறாமல் பிடிக்கும் முளை) இருக்கிறதா பாருங்கள். பெயின்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். பின் இருக்கும்வரை பிராக்கெட் அசையாது.

மாடிப்பட்டறை:
இருந்தது! பெயின்டைச் சுரண்டியதும் இரண்டு பின்னின் தலையும் தெரிந்தது. கழற்றிவிட்டு, போல்ட்டை லேசாக விட்டதும் பிராக்கெட் டக்கென்று மேலே எழும்பியது. டயல் கேஜ் வைத்து அளந்தால் 0.3 மில்லி. பக்கவாட்டில் அசைவே இல்லை. இன்னொரு முனையிலும் அதே 0.3. அப்படியானால் பிராக்கெட் ஓட்டையைப் பெரிதாக்கலாமா?

டூல்ரூம்:
பிராக்கெட்டைத் தொடாதீர்கள். பழைய நட்டோடு அது சரியாகத்தானே ஓடியது? புது நட்டின் அடிப்பாகம் 0.3 தடிமன் கூடுதல், அவ்வளவுதான். குறைவாக இருந்திருந்தால் அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து முடித்திருக்கலாம். கூடுதல் என்பதால் அடியை எடுக்க வேண்டும், கையாலேயே எடுக்கலாம்.

நட்டைக் கழற்றி நாலு மூலையையும் மைக்ரோமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புது அரமாகப் பாருங்கள், இரும்பில் ஓடிய அரம் வெண்கலத்தில் வழுக்கும். 0.25 வரை அரத்தில் எடுங்கள். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை அளக்க வேண்டும், ஏனென்றால் கை எப்போதும் ஓரத்தைத்தான் அதிகமாகத் தேய்க்கும். மிச்சத்தைத் தடித்த கண்ணாடி மேல் எமரி ஷீட் விரித்துத் தேயுங்கள். கடைசியில் நட் உட்காரும் இடத்தில் புளூவை மெல்லிசாகப் பூசி, நட்டை வைத்து அழுத்தி எடுங்கள். ஓவியர்கள் வாங்கும் பிரஷ்யன் புளூ ஆயில் டியூபே போதும். புளூ ஒட்டிய இடம் மேடு, அதை மட்டும் ஸ்க்ரேப்பரால் சுரண்டுங்கள். அடி சாய்ந்துவிட்டால் நட்டும் சாயும், அப்புறம் ஓட்டம் முழுக்க இறுகும்.

ஆறாம்விரல்:
கூடவே ஒரு சந்தேகம். நான் நட் மட்டும் தனியாக வாங்கலாம் என்றிருக்கிறேன். ஸ்க்ரூ மரை வகையில் ஆக்மியும் டிரெப்சாய்டலும் ஒன்றுதானே?

டூல்ரூம்:
இல்லை. ஆக்மியின் மரைக் கோணம் 29 டிகிரி, அங்குலக் கணக்கு. டிரெப்சாய்டல் 30 டிகிரி, மில்லிக் கணக்கு. அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலான தூரத்தை (பிட்ச்) அளந்துவிட்டு வாங்குங்கள்.

மாடிப்பட்டறை:
இரண்டு சாயங்காலம் பிடித்தது. முதல் நாள் முடிவில் ஒரு மூலை மற்றதைவிட 0.04 தாழ்ந்துவிட்டது, பயந்துபோனேன். மற்ற மூன்றையும் அதற்குச் சமமாக எமரியில் இறக்கினேன். மூன்றாவது முறை புளூ வைத்தபோது அடி முழுக்கப் புள்ளி புள்ளியாக ஒட்டியது. கணக்குக்கு மேல் இறங்கியது 0.02 மட்டும், அதை அப்படியே விட்டுவிட்டேன். நட் போல்ட்டை இறுக்கும் முன் டேபிளை இரண்டு முனைக்கும் ஓட்டி, நட் தானாக இடம் தேடட்டும் என்று விட்டு, பிறகு இறுக்கினேன்.

இப்போது முனையிலிருந்து முனை வரை ஒரே விரலில் சுற்றுகிறது. பேக்லாஷ் 0.08. ரொம்ப நன்றி ஐயா. பின்னை இன்றே அடித்துவிடலாமா?

டூல்ரூம்:
பழைய ஓட்டையில் பின் தானாக இறங்கினால் அடியுங்கள். தட்டித்தான் இறங்குகிறது என்றால் விட்டுவிடுங்கள், பிராக்கெட்டைத் திரும்ப இழுத்துவிடும். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிராக்கெட் நிற்கும் இடத்திலேயே ரீமர் (ஓட்டையைத் துல்லியமாகப் பெரிதாக்கும் கருவி) விட்டு ஒரு அளவு பெரிய பின் போடலாம்.

மாடிப்பட்டறை:
இடது பக்கம் தானாக இறங்கியது. வலது பக்கம் இறங்கவில்லை, விட்டுவைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு ரீமர் வாங்கி வருகிறேன்.