விரிவதற்கு முன் ஒரு பெயர், விரிந்தபின் ஒரு பெயர்

> "கூட்டுப் பலபடி நுரை உருண்டை" என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம். நீராவி பட்டால் விரிந்து நுரையாகும் பிளாஸ்டிக் மணிகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். பலபடி, அதாவது பாலிமர், இருக்கட்டும். உருண்டை வேண்டாமே. சர்க்கரைப் பருக்கை அளவில் இருப்பதை உருண்டை என்றால் இங்கே பெங்களூரு பீனியாவில் தெர்மாகோல் அச்சு வார்க்கும் நம் ஆட்களே சிரிப்பார்கள். மணி போதும்.

பெரிய சிக்கல் 'கூட்டு'தான். அது கோபாலிமரையா, பிளெண்டையா குறிக்கிறது? கோபாலிமரில் இரண்டு வகை மூலக்கூறுகள் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டிருக்கும். பிளெண்டு என்பது தனித்தனியாகத் தயாரான பிளாஸ்டிக்குகளை உருக்கிக் கலப்பது. கார் பம்பருக்குள் வைக்கும் இபிபி (விரித்த பாலிபுரொப்பிலீன்) மணி பெரும்பாலும் முதல் வகை: புரொப்பிலீன் சங்கிலியில் ஆங்காங்கே கொஞ்சம் எதிலீன். எதிலீன் கூடினால் உருகுநிலை இறங்கும், குறைந்த அழுத்த நீராவியிலேயே மணிகள் ஒட்டிக்கொள்ளும். பாலிஸ்டைரீனோடு பாலிஎதிலீனைக் கலப்பது இரண்டாம் வகை. இவை தாமாகச் சேராது. ஸ்டைரீன் தொடரும் ரப்பர் தொடரும் கொண்ட ஒரு கோபாலிமர் இடையில் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். கலவைக்குள்ளேயே ஒரு கோபாலிமர்! இரண்டையும் 'கூட்டு' என்றால் எதைப் பேசுகிறோம் என்றே தெரியாது. ஆகவே ஒன்று இணைபலபடி, மற்றது பலபடிக் கலவை.

அப்புறம், 'விரிமணி' என்று போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார். கேட்க அழகுதான். ஆனால் வினைத்தொகை ஆயிற்றே, விரிந்த, விரிகிற, விரியும் மூன்றும் அதற்குள் அடங்கிவிடும். கிடங்கில் அது ஆபத்து. விரியாத பாலிஸ்டைரீன் மணிக்குள் அதை விரியவைக்கும் பென்டேன் 4 முதல் 7 சதவீதம் இருக்கும், எளிதில் தீப்பற்றும். 100 டிகிரியை ஒட்டிய நீராவி பட்டால் 40 மடங்கு வரை பெருகும். கலவை மணியில் இன்னொரு தொல்லை: பாலிஎதிலீன் பென்டேனைப் பிடித்து வைக்காது, நாள்பட்டால் வாயு கசிந்து மணி சரியாக விரியாது. நெல்லுக்கும் பொரிக்கும் தனித்தனிப் பெயர் வைத்த நாம் இதற்கும் வைக்க வேண்டாமா? என் பரிந்துரை: முன்னே விரியாமணி, பின்னே நுரைமணி.

---

> முன்னே விரியாமணி

நுரைமணி சரி, எடுத்துக்கொள்வோம். விரியாமணி உதைக்கிறது ஐயா. நீராவி பட்டும் விரியாமல் வீணாகும் மணிக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். நீங்களே சொன்ன வாயு கசிந்த மணி அதுதானே? பெயரெச்சமாகவே 'விரியும் மணி' என்று விட்டுவிடலாம். இரண்டு சொல்லாக இருந்தால் குடியா முழுகிவிடும்?