டியூஷன் மிஸ்ஸுக்கு டிபி

*வெள்ளி*

சுதா: அத்தை, ஆத்விக் போற டியூஷன் மிஸ்ஸுக்கு டிபியாம். சளி டெஸ்ட்ல வந்திருக்கு. தினமும் ரெண்டு மணி நேரம் அந்த ஏசி ரூம்லதான் இருப்பான், ஜன்னலே திறக்க மாட்டாங்க 😟

ரேவதி சித்தி: அய்யோ! தட்டு டம்ளரை முதல்ல தனியா வை.

மல்லிகா அத்தை: ரேவதி, தட்டு டம்ளர்ல டிபி ஒட்டாது, காத்துலதான் பரவும். சுதா, பையனுக்கு இருமல், காய்ச்சல், எடை குறையறது ஏதாச்சும் இருக்கா?

சுதா: இல்ல அத்தை, ஓடியாடிட்டுதான் இருக்கான். பிறந்தப்ப டிபிக்குப் போட்ட பிசிஜி தடுப்பூசித் தழும்பு தோள்ல இருக்கு. இன்னொரு தடவை போட்டுடலாமா?

மல்லிகா அத்தை: வேண்டாம்மா. மூளை உறையைத் தாக்கற டிபி, உடம்பு முழுக்கப் பரவற டிபி, இந்த ரெண்டுலேர்ந்தும் சின்னக் குழந்தைங்களைக் காப்பாத்தத்தான் பிறந்தவுடனே போடறோம். பெரியவங்களுக்கு வர நுரையீரல் டிபியை அது அவ்வளவா தடுக்காது. பிரேசில்ல ஸ்கூல் பிள்ளைங்களுக்கு ரெண்டாம் தடவை போட்டுப் பார்த்தாங்க, பெருசா பலன் இல்ல.

பெரியப்பா: நம்ம செங்கல்பட்டுலயும் 1968ல ஆரம்பிச்சு 15 வருஷம் ஆய்வு நடந்துதே. நுரையீரல் டிபிக்குப் பெரியவங்ககிட்ட பலன் தெரியலன்னுதான் முடிவு வந்துது.

கார்த்தி (லண்டன்): இங்க 2005 வரைக்கும் ஸ்கூல்லயே தோல் டெஸ்ட் பண்ணி, நெகட்டிவ்னா பிசிஜி போடுவாங்க பெரியப்பா. இப்ப ரிஸ்க் அதிகம் இருக்கற பிள்ளைங்களுக்கு மட்டும்தான்.

மல்லிகா அத்தை: சுதா, அரசு ஆஸ்பத்திரி டிபி பிரிவுக்குப் போ. டிபி கிருமி உடம்புக்குள்ள போயிருக்கான்னு பார்க்கற மாண்டோங்கற தோல் டெஸ்ட் போடுவாங்க. முன்கையில தோலுக்குள்ள ஊசி ஏத்தினதும் சின்னக் கொப்புளம் மாதிரி எழும்பும். 48லேர்ந்து 72 மணி நேரத்துக்குள்ள திரும்பப் போய்க் காட்டணும். இன்னிக்குப் போட்டா ஞாயித்துக்கிழமை யார் பார்ப்பா? திங்கள் போ.

*புதன்*

சுதா: [போட்டோ] ஸ்கேல் வெச்சுப் பார்த்தேன், சிவப்பு 18 மி.மீ. இருக்கு!!

மல்லிகா அத்தை: சிவப்பை அளக்கக் கூடாது. விரலால தடவினா தடிப்பா, கெட்டியா தட்டுப்படும் பாரு, அதைத்தான் கையோட குறுக்குவாக்குல அளக்கணும். 10 மி.மீ. இல்ல அதுக்கு மேலன்னா பாசிட்டிவ். போட்டோ பார்த்து நான் சொல்ல மாட்டேன், நேர்ல காட்டு.

சுதா: போயிட்டு வந்தோம். 12 மி.மீ. அத்தை 😢

மல்லிகா அத்தை: அழாத. கிருமி உள்ள போயிருக்கலாம்னுதான் அர்த்தம், நோய் வந்துடுச்சுன்னு இல்ல. எக்ஸ்ரே?

சுதா: கிளியர். நோயா மாறாம தடுக்க, எடை பார்த்து 6 மாசத்துக்கு ஐஎன்எச்னு ஒரு டிபி மாத்திரை எழுதினாங்க, இலவசம்தான்.

மல்லிகா அத்தை: ஒரு நாள் கூட விடாத. வாந்தி, கண்ணு மஞ்சளாறது தெரிஞ்சா மட்டும் மாத்திரையை நிறுத்திட்டு உடனே டாக்டரைப் பாரு.

ரேவதி சித்தி: அங்க படிக்கற மத்த பிள்ளைங்க?

சுதா: ரெண்டு அம்மாங்க டெஸ்டே வேண்டாம்னுட்டாங்க சித்தி, வெளிய தெரிஞ்சா பேர் கெட்டுடுமாம். மிஸ் பாவம், யார் போனையும் எடுக்கறதில்ல.

மல்லிகா அத்தை: அவங்க என்ன தப்பு பண்ணாங்க? மருந்து சரியா சாப்பிட்டா சில வாரத்துலயே மத்தவங்களுக்குப் பரவறது குறைஞ்சுடும். அவங்க வீட்டுல சின்னக் குழந்தை உண்டா?

சுதா: மூணு வயசுப் பொண்ணு.

மல்லிகா அத்தை: அஞ்சு வயசுக்குள்ளன்னா தோல் டெஸ்டுக்குக் கூட காத்திருக்க வேண்டாம். நோய் இல்லன்னு உறுதி பண்ணிட்டு மாத்திரை ஆரம்பிச்சுடுவாங்க. மிஸ் நம்பரும் அந்த ரெண்டு அம்மாங்க நம்பரும் எனக்குத் தனியா அனுப்பு, இப்பவே பேசறேன்.