காஷானில் புருஜெர்தி வீடு: எதைத் தவறவிடக் கூடாது?

ஈரான் போகிறோம், காஷானுக்கு அரை நாள்தான். அங்குள்ள பழைய மாளிகையான புருஜெர்தி வீட்டில் எதை நின்று பார்க்கலாம்?

பதில் 1: முற்றத்தைத் தாண்டி நேராகப் பெரிய கூடத்துக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். குவிமாடத் திறப்புகளிலிருந்து வெளிச்சம் சரிந்து இறங்கி, சுதையில் இழைத்த பூக்கொடிகள் மேல் படும்போது ஒவ்வொரு இதழும் தனித்தனியாகத் தெரியும். கட்டியவர் உஸ்தாத் அலி மரியம், 19ஆம் நூற்றாண்டு. என்ன கைத்திறன்!

பதில் 2: காற்றுக்கோபுரங்களை விட்டுவிடாதீர்கள். மேலே வீசும் காற்றைப் பிடித்து நிலவறை வரைக்கும் இறக்கிவிடும், பாலைவன வெயிலுக்கு அதுதான் மருந்து.

பதில் 3: நேரமிருந்தால் பக்கத்திலேயே தபாதபாயி வீடு, அதுவும் உஸ்தாத் அலி மரியம் கட்டியதுதான். அங்கே வண்ணக்கண்ணாடி ஜன்னல்கள் அருமை.

கேட்டவர்: சரி, இரண்டுக்கும் போகிறோம். நன்றி.