மறுமொழி: செல்ஃப் மேனேஜ்மென்ட்டுக்கு ‘நோயாளுகை’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க் கையேட்டுக்காக ‘செல்ஃப் மேனேஜ்மென்ட்’, அதாவது நோயாளி தன் நோயைத் தானே கவனித்துக்கொள்வது, என்பதற்கு நாம் தேடும் தமிழ்ச் சொல்லாக இதுவரை சுயபராமரிப்பு, சுயமேலாண்மை, தன்மேலாண்மை என்று மூன்று வந்திருக்கின்றன. செவிலியராக இதைத் தினமும் கற்றுக்கொடுப்பவள் என்ற முறையில், மூன்றிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

சுயபராமரிப்பை முதலிலேயே விட்டுவிடலாம். செவிலியப் படிப்பில் அது அமெரிக்கச் செவிலியர் டோரத்தியா ஓரெமின் கோட்பாட்டுக்கு உரிய சொல். உண்பது, உறங்குவது எல்லாம் அதில் அடங்கும். மற்ற இரண்டிலும் சிக்கல் ஒன்றுதான். ‘தன்மேலாண்மை’ என்று கேட்டதும், கோபத்தை அடக்குவது, நேரத்தைத் திட்டமிடுவது என்றுதான் மனம் போகிறது. இங்கே ஆளவேண்டியது நோயை.

போன வாரம் ஒரு பாட்டி வந்தார். நாற்பது வருடம் விறகடுப்புப் புகையில் சமைத்தவர். பம்ப்பை (வாயில் வைத்து அழுத்தி மருந்தை உள்ளிழுக்கும் இன்ஹேலரை) ஒழுங்காகத்தான் எடுக்கிறேன் என்றார். “எனக்கு ஒருதரம் காட்டுங்கம்மா” என்றேன். மூச்சை வெளியே விடாமலே வாயில் வைத்து அழுத்தினார்; மருந்து பாதி உதட்டோரம் வெண்புகையாக வெளியே வந்துவிட்டது. மருந்தைத் தேக்கித் தரும் குழலான ஸ்பேசரை அதில் மாட்டிக்கொடுத்தேன். குலுக்கி, மூச்சை மெல்ல வெளியே விட்டு, அழுத்தி, நிதானமாக இழுத்து, பத்து எண்ணும்வரை பிடித்துவைக்கச் சொன்னேன். அப்புறம், “வீட்டுக்குப் போய் மருமகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பீங்க?” என்று கேட்டேன். எனக்கே பாடம் எடுத்தார். குலுக்குவதை மட்டும் மறந்துவிட்டார். மறுபடி செய்தோம். மூன்றாம் முறை எதையும் விடவில்லை.

உதடு குவித்து ஊதுவது, ஸ்டீராய்டு மருந்து எடுத்தபின் வாய் கொப்பளிப்பது, இதெல்லாம் பழகினால் வந்துவிடும். கடினமானது முடிவெடுப்பதுதான். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுகிறது, வழக்கத்தைவிட இளைப்பு கூடுகிறது என்றால், எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்து எந்த மருந்தைத் தொடங்குவது, எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது என்று ராத்திரி இரண்டு மணிக்குத் தீர்மானிக்க வேண்டியவர் அவர். பக்கத்தில் நான் இருக்க மாட்டேன். கனடாவின் கியூபெக்கில் 191 நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இப்படி வாரம் ஒரு மணி நேரமாக ஏழெட்டு வாரம் வீட்டிலேயே கற்றுக்கொடுத்து, பிறகு தொலைபேசியில் தொடர்ந்தார்கள். நோய் திடீரென்று கூடி ஆஸ்பத்திரியில் சேர்வது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற மற்றவர்களைவிட அவர்களிடம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு என்று 2003இல் அந்த ஆய்வு வெளியானது. நாம் பெயர் வைக்கப்போவது இந்தக் காரியத்துக்கு.

செல்ஃப் மேனேஜ்மென்ட் என்ற ஆங்கிலச் சொல்லை நோய்ப் பராமரிப்பில் முதலில் புழங்கியவர்களில் ஒருவர் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளோடு வேலைசெய்த தாமஸ் கிரீர். சிகிச்சையில் நோயாளியும் கைகொடுப்பவர் என்பதைத்தான் அவர் அதனால் சுட்டினார். அந்தப் பொருள் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. முதலாளி, தொழிலாளி மாதிரியே நோயாளியிலும் ‘ஆள்’ உண்டு. நோயை உடையவர் என்றுதான் இன்று அதற்குப் பொருள் கொள்கிறோம். ஆளுதல் என்ற வினையும் அங்கேயே இருக்கிறது. அதனால் நான் சொல்வது ‘நோயாளுகை’. நோயாளி செய்வது நோயாளுகை என்றால் யாருக்கும் விளக்கவுரை வேண்டியிருக்காது.

‘நோயாளுமை’ எனலாமே என்று கேட்கலாம். ஆளுமை என்றால் இன்று குணம், பிரபலமான மனிதர் என்று ஆகிவிட்டது, குழப்பும். ‘நோய் மேலாண்மை’ மருத்துவர் பக்கத்துச் சொல்லாகவே இருக்கட்டும்.

பேச்சில் நாங்கள் எதையும் மாற்றப்போவதில்லை. “உங்க மூச்சை நீங்களே பாத்துக்கலாம்” என்றுதான் சொல்வோம். தலைப்புக்கும் பாடத்திட்டத்துக்கும்தான் ஒரு பெயர்ச்சொல் தேவை. ‘நோயாளுகைப் பயிற்சி’, ‘நோயாளுகைத் தாள்’ என்று சேர்த்துச் சொல்லிப்பார்த்தேன், நாக்குத் தடுக்கவில்லை. உங்களுக்கு எங்காவது தடுக்கிறதா என்று பார்க்க, கையேட்டின் முதல் வரியை இப்படி எழுதியிருக்கிறேன்:

‘நோயாளுகையின் முதல் படி, உங்கள் மூச்சு வழக்கமாக எப்படி இருக்கும் என்று நீங்கள் தெரிந்துவைத்திருப்பது.’