இரண்டு நிமிடத்தில் இரண்டு கன்ஃபர்மேசன்: பொருளைக் கொடுக்கலாமா?

நெல்லியடிப் பொடியன்:
யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் பழைய லப்டொப் திருத்தி விற்கிறேன். நேற்று ஒருவருக்காக அவருடைய தமையன் கனடாவிலிருந்து டோஜ்கொயின் என்ற கிரிப்டோ நாணயத்தில் காசு அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் இரண்டு கன்ஃபர்மேசன் விழுந்தது (பரிவர்த்தனைகளைப் பதியும் கட்டு பிளொக்; காசு ஏறிய பிளொக்கும் அதற்குமேல் வரும் ஒவ்வொன்றும் ஒரு கன்ஃபர்மேசன்), பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். போன மாதம் பிட்கொயினில் முதல் பிளொக்குக்கே நாற்பது நிமிடம் காவல் இருந்தோம். கடைக்காரனுக்கு வேகமான நாணயம்தான் சரி என்கிறேன். மறுப்பவர்கள் வாருங்கள்.

கொக்குவிலான்:
மறுக்கிறேன் தம்பி. ஒரு மைனர், அதாவது கணினியால் போட்டிபோட்டுப் பிளொக் உருவாக்குபவர், ஒரு பிளொக்கைக் கண்டுபிடித்தால் அது மற்றவர்களுக்குப் போய்ச்சேரச் சில வினாடி ஆகும். அதற்குள் இன்னொருவர் அதே இடத்துக்கு வேறொரு பிளொக்கைக் கண்டுபிடித்தால் இரண்டில் ஒன்று கழிந்துபோகும். அதுதான் ஸ்டேல் பிளொக். பரவ 6 வினாடி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளொக் வரும் பிட்கொயினில் மோதல் வாய்ப்பு 1%, இரண்டரை நிமிட லைட்கொயினில் 4%, ஒரு நிமிட டோஜில் 9.5%. எத்தீரியம் 2022 வரை மைனிங்கில் ஓடியபோது பதின்மூன்று வினாடிக்கு ஒரு பிளொக் வந்தது. கழிந்தவை அவ்வளவு கூட என்றபடியால்தான் அவற்றுக்கும் 'அங்கிள்' என்று பெயர் வைத்து மைனர் பரிசில் ஒரு பங்கு கொடுத்தார்கள்.

நெல்லியடிப் பொடியன்:
அந்த 6 வினாடி 2013இல் ஆய்வாளர்கள் டெக்கரும் வாட்டன்ஹோஃபரும் அளந்த காலத்துக் கதை அண்ணை. 2016இல் பிட்கொயினில் காம்பாக்ட் பிளொக் என்ற சுருக்கமுறை வந்தபிறகு, நோட்களிடம் (வலையமைப்பில் உள்ள கணினிகளிடம்) ஏற்கெனவே இருக்கிற பரிவர்த்தனைகளைத் திரும்ப அனுப்புவதில்லை. பரவும் நேரம் நன்றாகக் குறைந்துவிட்டது. அப்புறம் இதையும் பாருங்கள்: பத்து நிமிடம் காத்தும் ஒரு பிளொக்கும் வராத வாய்ப்பு பிட்கொயினில் 37%. டோஜில் அது இருபதாயிரத்தில் ஒன்று. பிட்கொயினை உருவாக்கிய சதோஷியின் அறிக்கைக் கணக்கிலும் நேரம் இல்லை, பிளொக் எண்ணிக்கைதான் இருக்கிறது. மொத்த மைனிங் பலத்தில் 10% உள்ள களவாளி ஒரு பிளொக்கை மாற்ற 20% வாய்ப்பு, ஆறு பிளொக்கை மாற்ற 0.02% தான். ஆறு பிளொக் எனக்கு ஆறு நிமிடம், உங்களுக்கு ஒரு மணித்தியாலம்.

அரியாலை அக்கா:
பொடியன் சொன்ன நாற்பது நிமிடம் அதிசயம் இல்லை. அப்படி இடைவெளி பிட்கொயினில் நாளுக்குச் சராசரியாக இரண்டு மூன்று தடவை வரும். பருத்தித்துறை பஸ்ஸுக்கு அரைமணி நின்றால் 'இனி வந்துவிடும்' என்று நினைக்கலாம். பிளொக்குக்கு அந்த நினைப்புச் சரிவராது. எவ்வளவு காத்திருந்தாலும் இன்னும் பத்து நிமிடம்தான் சராசரி. இன்னொன்று, பிளொக் கழிந்தால் காசு தொலைந்தது என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அதே பரிவர்த்தனை அடுத்த பிளொக்கில் ஏறிவிடும். அனுப்பியவர் அதே காசை வேறிடத்துக்கும் அனுப்பியிருந்தால்தான் ஆபத்து.

கொக்குவிலான்:
அந்த ஆபத்தைத்தான் நானும் சொல்கிறேன் அக்கா. தம்பி, 10% என்றீர்களே, எதில் 10%? சின்ன நாணயத்தின் மொத்த ஹாஷ் பலத்தைவிட (மைனிங் கணினிப் பலத்தைவிட) அதிகமாக வாடகைக்கு எடுக்கலாம். எத்தீரியம் கிளாசிக்கில் 2020 ஓகஸ்டில் ஆயிரக்கணக்கான பிளொக்குகளை ஒரே தாக்குதலில் பின்னோக்கி மாற்றினார்கள். அங்கே ஆறு எந்த மூலைக்கு? அதோடு ஸ்டேல் கூடக்கூட நேர்மையான மைனர்களின் உழைப்புத்தான் வீணாகும். களவாளி தன் சங்கிலியை ஒரே இடத்தில் ஒளித்து வளர்க்கிறான், அவனுக்கு ஒரு பிளொக்கும் கழியாது. உங்கள் கணக்கில் களவாளிக்குச் சாதகமான அந்தச் சாய்வு இல்லை.

நெல்லியடிப் பொடியன்:
டோஜ் சின்ன நாணயம் இல்லை அண்ணை, 2014 முதல் லைட்கொயினோடு சேர்த்து மைன் ஆகிறது, அந்தப் பலமும் இதற்குக் காவல். ஆனால் சாய்வு என்றீர்களே, அதை நான் யோசிக்கவில்லை. லப்டொப்புக்கு இரண்டு கன்ஃபர்மேசன் காணாது, சரி. இருபது வரட்டும், வாங்குபவர் அதுவரை ஒரு தேத்தண்ணி குடிக்கட்டும். சார்ஜர் வயருக்கு ஒன்றே போதும்.

கொக்குவிலான்:
வயருக்குச் சரி. லப்டொப்புக்கு நான் நாற்பது என்பேன்.