ஹைலக்ஸுக்கு 50 மி.மீ. லிஃப்ட் போடப் போகிறேன்: டயரும் ரிம்மும் எது எடுக்கலாம்?

சாட்ஸ்வர்த்_சாமி

வணக்கம். வண்டி 2018 டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப், 2.4 டீசல், ஃபோர் பை ஃபோர். (ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு: இங்கே தென்னாப்பிரிக்காவில் பிக்கப்பை எல்லோரும் பக்கி என்றுதான் சொல்வார்கள், திட்டுவதாக நினைத்துவிடாதீர்கள். என் மாமியார் முதல் மாதம் முழுக்க அப்படித்தான் நினைத்தார்.)

வாரத்தில் ஐந்து நாள் வேலைக்கு டர்பன் டவுனுக்குள் ஓட்டம். மாதம் ஒரு முறை டோங்காட் பக்கம் மாமனாருடைய கரும்புத் தோட்டத்துக்குப் போவேன், மழை பெய்தால் அந்தச் செம்மண் பாதை சோப்பு தேய்த்த மாதிரி வழுக்கும். வருடத்தில் ஒன்றிரண்டு தடவை சானி பாஸ் என்ற மலைக் கணவாய் ஏறி லெசோத்தோ. இவ்வளவுதான் என் ஆஃப்ரோடு.

முன்னும் பின்னும் 50 மி.மீ. லிஃப்ட் கிட் (சஸ்பென்ஷனை உயர்த்தி வண்டியைத் தூக்குவது) போடுவதாக முடிவாகிவிட்டது. கடைக்காரர் அதோடு 285/70 ஆர் 17 எம்டி டயரும் (285 மி.மீ. அகலம், பக்கவாட்டு உயரம் அதில் 70 சதவீதம், 17 அங்குல ரிம்; எம்டி என்றால் சேற்றுக்கான முரட்டு டயர்), 8ஜே (8 அங்குல அகலம்), ஆஃப்செட் 0 ரிம்மும் சேர்த்து ஒரே விலையாகத் தருகிறேன் என்கிறார். இப்போது இருப்பது கம்பெனி சைஸ் 265/65 ஆர் 17. லிஃப்ட் போட்டால் இடம் தானாக வந்துவிடும், எங்கேயும் உரசாது என்கிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. போட்டவர்கள் சொல்லுங்கள்.

மலைப்பாதை

தம்பி, கடைக்காரர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம்தான் தப்பு. லிஃப்ட் போட்டால் வண்டி நிற்கும்போது மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் கை நுழையும், பார்க்க இடம் இருக்கிற மாதிரி தெரியும். ஆனால் ஒரு பெரிய கல் மீது ஏறி ஸ்பிரிங் முழுசாக அமுங்கினால், பம்ப் ஸ்டாப் (அமுங்கலை நிறுத்தும் ரப்பர் கட்டை) பழையதே என்பதால், டயர் பழைய உயரத்துக்கே மேலே வந்து நிற்கும். அதோடு உரசல் வருவது பெரும்பாலும் மேலே இல்லை. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் முன் டயரின் பின்பக்கத் தோள்பட்டை போய் மட் ஃப்ளாப்பிலும் அதற்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கிலும், இன்னும் பெரிதாக இருந்தால் கேபினைச் சேஸியோடு பிடித்திருக்கும் மவுண்டிலும் இடிக்கும். அந்த இடத்துக்கு லிஃப்ட் எதுவும் செய்வதில்லை. சானி பாஸ் கொண்டை ஊசி வளைவுகளில் என்ன செய்கிறோம்? முழுசாக ஒடித்து, ஒரு பக்கம் அமுங்கி, கல் மேலே ஏறுகிறோம். மூன்றும் ஒரே நேரத்தில். கடை வாசலில் உரசாதது அங்கே உரசும்.

இப்போது ஆஃப்செட் கணக்கு, அதாவது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பொருந்தும் தளத்துக்கும் உள்ள தூரம்; அது குறையக் குறைய சக்கரம் வெளியே போகும். உன் கம்பெனி ரிம் 7.5ஜே, ஆஃப்செட் +30. ஆஃப்செட் 0 என்றால் டயரின் நடுக்கோடே 30 மி.மீ. வெளியே போகிறது. 285 டயர் ஒவ்வொரு பக்கமும் 10 மி.மீ. அகலம் கூட. ஆக மொத்தம் 40 மி.மீ. வெளியே துருத்தும். வெளியே போகப் போக, ஸ்டியரிங் திருப்பும்போது டயர் போடுகிற வட்டமும் பெரிதாகும், அதனால் அந்தப் பின்மூலையில் இன்னும் சீக்கிரம் இடிக்கும். வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். மட்கார்டுக்கு வெளியே நிற்கிற டயர் கல்லை உன் கதவிலேயே அடிக்கும், பின்னால் வருகிறவன் கண்ணாடியிலும் அடிக்கும். மாறாக +20 எடுத்தால் உள்பக்கம் சஸ்பென்ஷன் கைக்கும் டயருக்கும் இருக்கிற இடைவெளி இப்போது இருப்பது போலவே இருக்கும், வெளியே 20 மி.மீ. மட்டும் போகும். 285 தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அந்த ரிம்மைக் கேள். ஹைலக்ஸ் ஹப்புக்கு நடுத்துளை 106 மி.மீ. சுமார் வேண்டும், ஃபோர்டு ரேஞ்சர் ரிம்மில் அது 93 தான். ஆறு போல்ட் வட்டம் இரண்டுக்கும் 139.7 என்பதால் பொருந்தும் என்று யாராவது பழைய ரேஞ்சர் ரிம்மைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வாங்காதே.

நானாக இருந்தால் 265/70 ஆர் 17 ஏடி டயரை (தார் ரோடு, மண் பாதை இரண்டுக்கும் ஆனது), இருக்கிற ரிம்மிலேயே போடுவேன். விட்டம் 776 மி.மீ.யிலிருந்து 803 ஆகும், அதில் பாதி, அதாவது 13 மி.மீ., டிஃபரன்ஷியலுக்குக் கீழே கூடும். 285/70 போட்டால் 27 மி.மீ. கூடும், உண்மை. இங்கே ஒன்றைக் கவனி. லிஃப்ட் பாடியைத்தான் தூக்குகிறது, பின் ஆக்ஸிலை ஒரு மில்லிமீட்டர்கூடத் தூக்காது, அதைத் தூக்குவது டயர் மட்டும்தான். அதனால்தான் டயரை முதலில் முடிவு செய், அதற்கு ஏற்ற ரிம், கடைசியில் அதற்கு எவ்வளவு லிஃப்ட் தேவை என்று பார் என்கிறேன். நீ தலைகீழாக ஆரம்பித்திருக்கிறாய்.

எம்டி வேண்டாம். டர்பன் கோடை மழையில், தார் ரோட்டில் பிரேக் பிடித்துப் பார்த்தால் ஏன் என்று தெரியும். டோங்காட் சேற்றில் மாதம் இருபது நிமிடம் ஜம்பமாகப் போவதற்காக மீதி நாளெல்லாம் என்2 நெடுஞ்சாலையில் அந்த ஹூங்காரத்தைக் கேட்டுக்கொண்டு போகப் போகிறாயா?

பைன்டவுன்_டீசல்

மலைப்பாதை அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் 285 போட்டு மூன்று வருடமாக ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அவ்வளவு பயப்பட வேண்டியதும் இல்லை. உள் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் சூடு காட்டி அழுத்தினேன், மட் ஃப்ளாப்பை வெட்டினேன், உரசல் நின்றுவிட்டது. கரும்பு வெட்டிய கட்டைகள் பழைய டயரின் பக்கவாட்டை இரண்டு தடவை கிழித்திருக்கின்றன, இந்த எல்டி (கனச் சுமைக்கான உறுதியான) டயரை இன்னும் ஒன்றும் செய்யவில்லை.

ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்லாதது எடை. பாத்ரூமில் இருக்கும் எடை மெஷினை வெளியே கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன், பழைய சக்கரம் டயரோடு 29 கிலோ, புதியது ஸ்டீல் ரிம்மோடு 40 கிலோ. நாலு சக்கரத்துக்கு என்ன ஆச்சு என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். விட்டம் 7 சதவீதம் கூடியதால் கியரும் அந்த அளவு நீண்டுவிட்டது. என்னுடையதும் 2.4 தான். பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில் ஏற்றத்தில் முன்பு ஆறாவது கியரில் போன வண்டி இப்போது ஐந்து, சுமை இருந்தால் நாலு. மீட்டரும் குறைத்துக் காட்டும். கணக்குப்படி 120 காட்டும்போது நிஜத்தில் 128, ஆனால் கம்பெனி மீட்டர் முதலிலேயே கொஞ்சம் கூட்டிக் காட்டுவது வழக்கம் என்பதால் என் வண்டியில் வித்தியாசம் குறைவு. போனில் ஜிபிஎஸ் போட்டு ஒரு தடவை ஒத்துப் பாருங்கள். ஓடிய கிலோமீட்டரும் குறைவாக விழும், அதனால் டீசல் நிஜத்தைவிட அதிகம் குடிக்கிற மாதிரி தெரிந்து வயிறு எரியும்.

அப்புறம் அம்மா. லிஃப்டும் டயரும் சேர்ந்து படி எங்கேயோ போய்விட்டது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக ஒரு முக்காலியை பின்னால் போட்டுக்கொண்டே திரிகிறேன். காவடி நாளில் பால்குடத்தோடு ஏறுகிறேன் என்று நின்றவரைப் பார்த்து, சரி வேண்டாம் என்று அக்காவுடைய சின்னக் காரில் அனுப்பினேன்.

நட்டு_போல்ட்டு

எல்லோரும் டயரையே பேசுகிறீர்கள், நான் நட்டைப் பற்றிச் சொல்கிறேன். என் பழைய ஃபார்ச்சூனரின் கம்பெனி அலாய்க்குத் தட்டையான வாஷர் வைத்த நட்டு. வெளியில் வாங்கிய ரிம்முக்குக் கூம்பு நட்டு வேண்டும். போட்டுக் கொடுத்த கடையில் பழைய நட்டையே முடுக்கி அனுப்பிவிட்டார்கள், எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். நாலாவது நாள் ஸ்டியரிங் மெல்ல நடுங்கியது, பாலன்சிங் சரியில்லை என்று நினைத்து இரண்டு நாள் ஓட்டியும் விட்டேன். கழற்றிப் பார்த்தால் துளைகள் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தன, ஒரு ஸ்டட் (நட்டு மாட்டும் போல்ட்) பாதி அறுந்த நிலை. ரிம் மாற்றினால் நட்டின் அடிப்பக்கத்தை உன் கண்ணாலேயே பார், கூம்புத் துளைக்குக் கூம்பு, தட்டைக்குத் தட்டை. 50 அல்லது 100 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரென்ச் வைத்து மறுபடி இறுக்கு.

ஸ்டெப்னியும் அதே சைஸ் வாங்கு. ஃபோர் பை ஃபோர் போட்டு ஓட்டும்போது ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருந்தால் கியர் பெட்டிதான் அனுபவிக்கும். 285 வாங்கினால் வண்டிக்கு அடியில் அந்த இடத்தில் நுழைகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடு. டவ் பார் இருந்தால் இன்னும் சிரமம்.

இன்சூரன்ஸுக்கு லிஃப்ட், டயர் சைஸ் இரண்டையும் எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கி வைத்துக்கொள். லிஃப்ட் போட்ட அன்றே அலைன்மென்ட் பார். முன்பக்கம் தூக்கினால் காஸ்டர் (முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) குறையும், நேர் ரோட்டில் ஸ்டியரிங் அங்கும் இங்கும் அலையும். கம்பெனி சஸ்பென்ஷனின் மேல் கையில் சரிசெய்ய முடியாவிட்டால் அந்தக் கையையே மாற்றச் சொல்வார்கள், அந்தச் செலவையும் இப்போதே கேட்டு வை.

சாட்ஸ்வர்த்_சாமி

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஒரு வேலை செய்தேன். பக்கத்துத் தெருவில் ஒருவர் இதே வண்டியில் 285/70, ஆஃப்செட் 0 போட்டு, 50 மி.மீ. லிஃப்டும் போட்டிருக்கிறார். அவரைக் கெஞ்சி, முன் சக்கர வளைவின் உள்பக்கம் முழுக்க விபூதியைக் குழைத்துப் பூசினேன் (சாக்பீஸ் கிடைக்கவில்லை, சாமி மன்னிக்கட்டும்). ஒரு பக்கச் சக்கரத்தை நடைபாதை விளிம்பில் ஏற்றி, முழுசாக ஒடித்து, ரிவர்ஸும் போட்டுப் பார்த்தோம். மேலே விபூதி அப்படியே இருந்தது. பின்மூலையில் ஒரு கை அகலத்துக்குச் சுத்தமாக வழித்து எடுத்திருந்தது. அவருக்கே அதிர்ச்சி, ரேடியோ சத்தத்தில் இத்தனை நாள் கேட்கவில்லையாம்.

265/70 ஏடி, பழைய ரிம். லிஃப்டை 40 ஆகக் குறைக்கலாமா என்று யோசிக்கிறேன், வீட்டிலும் முக்காலி கதையைப் படித்துக் காட்டியாகிவிட்டது. ஒரே சந்தேகம், சானி ஏறும்போது காற்று எவ்வளவு வைக்க?

மலைப்பாதை

கல்பாதை ஆரம்பிக்கும் இடத்தில் 1.8 பார், மேலே ரொம்ப மோசமாக இருந்தால் 1.6. இறங்கி வந்து தார் ரோடு தொட்டதும் மறக்காமல் திரும்ப ஏற்று, கையில் ஒரு சின்ன கம்ப்ரஸர் வைத்துக்கொள். 40 மி.மீ. போதும். வீட்டில் உள்ளவர்களையும் கூட்டிக்கொண்டு போ, மேலே குளிரும், சால்வை எடுத்துக்கொள்ளச் சொல்.