புதுப்பிப்பு: எல்க்ஹார்ன் ஸ்லூவில் கயாக் (சிறு துடுப்புப் படகு) பயணம்

கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் உள்ள எல்க்ஹார்ன் ஸ்லூ கழிமுகத்தில் கடல் நீர்நாய் பார்க்கப் போக வழிகாட்டி தேவையா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய்வந்துவிட்டோம். கட்டாயம் தேவை, துடுப்புப் போட அல்ல, எங்கே நிற்பது என்று தெரிந்துகொள்ள. ஐந்து கயாக் நீளம், சுமார் 18 மீட்டர், நீர்நாயிடமிருந்து தள்ளியே நிற்க வேண்டும். நீர்நாய்க்குக் கொழுப்புப் படலம் கிடையாது. குளிரைத் தாங்கத் தினமும் உடல் எடையில் கால் பங்கு இரை வேண்டும். அதன் ஓய்வைக் கெடுப்பது பாவம்.

ஒரு தாய் மல்லாந்து மிதந்தபடி சிப்பியை மார்பில் வைத்து உடைத்தது. அந்த ‘டொக் டொக்’ ஓசை இன்னும் காதில் இருக்கிறது. குட்டி பக்கத்திலேயே மிதந்தது.

காலையிலேயே கிளம்புங்கள். பிற்பகலில் காற்று எழும். கடல் நீர்மட்டம் இறங்கும்போது நீரோட்டம் கடல் பக்கம் இழுக்கும். திரும்புகையில் எங்களுக்குத் தோள் கடுத்துவிட்டது.